மறியலறைத் தரையில் ஒரு வண்டு



பேசாலையிலோ, வங்காலையிலோ, தலைமன்னாரிலோ கருவாட்டுச் சாக்கு ஒன்றை அவிழ்த்துப் பார்த்தவர்கள் ஒரு சிறு வண்டைக் கண்டிருப்பார்கள். அரிசிமணியிலும் சற்றுச் சிறியது. நீலமும் பச்சையும் கலந்து உடல் மினுங்கும். கால்கள் சிவப்பு. சாக்கை உதறியதும் நாலு திக்கிலும் ஓடி ஒளியும். காய்ந்த கொப்பராவிலும் இதே வண்டு உண்டு. கருவாட்டைக் கெடுக்கும் சனியன் என்று நாம் அதனை மிதித்துவிட்டு நம் வேலையைப் பார்க்கிறோம். அதற்கு ஒரு பெயர் உண்டா, அதன் இனம் என்ன, குலம் என்ன என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

இந்த வண்டுக்கு நெருங்கிய உறவான மற்றொரு வண்டின் பெயரைக் கேட்டு, அதனைக் குனிந்து பார்த்த காரணத்தால் சாவின் வாயிலிலிருந்து திரும்பிய ஒரு மனிதர் இருந்தார். அவர் குருமடத்தில் படித்துத் திருப்பட்டம் பெற்ற கத்தோலிக்கர். பியேர் அந்திரே லத்ரேய் என்பது அவர் பெயர். உலகில் எந்த நாட்டில் எந்த மாணவன் பூச்சிகளை வகைப்படுத்தப் படித்தாலும் இன்றும் அவருடைய பெயரைக் காணாமல் இருக்க முடியாது. அவருடைய வாழ்வை இவ்வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

தாயும் தந்தையும் ஏற்காத பிள்ளை

பிரான்சு நாட்டின் தென்மேற்கில் பிரிவ் என்னும் சிறு நகரில் 1762ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் 29ஆம் திகதி லத்ரேய் பிறந்தார். அவருடைய தகப்பனார் பிரபு வமிசத்தைச் சேர்ந்த ஒரு படைத்தளபதி. ஆயினும் முறையான திருமணத்தில் பிறக்காத இப்பிள்ளையை அவர் தம் மகனென்று ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. தாயோ குழந்தையைப் பிறந்தவுடனேயே கைவிட்டுவிட்டாள். அவள் யாரென்பதை உலகம் அறியாது. லத்ரேய் என்ற பெயர்கூடக் குடும்பப் பெயரன்று. பட்டப் பெயராக வந்து ஒட்டிக்கொண்ட அப்பெயர், அவருக்கு ஐம்பது வயதான பின் 1813இல்தான் சட்டப்படி அவருடையதாயிற்று.

வாசகரே, இதனை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் ஆயிரமாயிரம் உயிர்களுக்கு அவற்றின் சரியான குடும்பத்தைத் தேடிக் கொடுத்த மனிதர், தமக்கென ஒரு குடும்பமும் பெயரும் இல்லாமலே உலகில் வந்தார்.

ஆண்டவர் அவரைக் கைவிடவில்லை. முதலில் ஊர் வைத்தியர் ஒருவரும், பின்னர் ஒரு வணிகரும், அதன்பின் பிரபு குடும்பம் ஒன்றும் அவரை ஆதரித்தனர். 1778இல் அவர்கள் அவரைப் பாரிஸ் நகருக்குப் படிக்க அனுப்பினார்கள். அங்கே அவருக்குக் கிடைத்த நல்லாசிரியர்களுள் ஒருவர் ரெனே ஜுஸ்து ஆயி என்னும் குருவானவர். பளிங்குக் கற்களின் உருவ அமைப்பை ஆராய்ந்து, பளிங்கியல் என்னும் விஞ்ஞானத் துறைக்கே தந்தையெனப் போற்றப்படுபவர் அவர். அவரிடம் லத்ரேய் தாவரவியல் கற்றார். ஓய்வு நேரங்களில் அரச பூங்காவுக்குச் செல்வார், பாரிஸ் நகரைச் சூழ்ந்த வயல்வெளிகளில் பூச்சி பிடிப்பார்.

1780இல் லிமோஜ் நகரப் பெரிய குருமடத்தில் சேர்ந்து, 1786இல் திருப்பட்டம் பெற்று வெளியேறினார். தாம் மேய்ப்புப்பணி ஆற்றியதில்லை என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். எனினும் சில ஆண்டுகள் தம் கடிதங்களில் குரு என்றே கையொப்பமிட்டு வந்தார். அவர் மனம் முழுவதும் பூச்சிகளிலே இருந்தது. அமைதியான காலமாக இருந்திருந்தால், செபமும் சேகரிப்புமாக அவர் வாழ்வு கழிந்திருக்கும். ஆனால் காலம் அமைதியாக இருக்கவில்லை.

சத்தியப் பிரமாணம்

1789இல் பிரான்சில் பெரும் புரட்சி வெடித்தது. மறு ஆண்டில் குருக்களைப் பற்றிய ஒரு சட்டம் வந்தது. மேற்றிராணிமாரும் பங்குக் குருக்களும் மக்கள் வாக்கினால் தெரிவு செய்யப்பட வேண்டும், குருக்கள் அரசுக்கும் அதன் சட்டத்துக்கும் பிரமாணிக்கமாயிருப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்றது அச்சட்டம். 1791இல் பாப்பரசர் ஆறாம் பத்திநாதர் அதனைக் கண்டித்தார். பிரான்சின் திருச்சபை இரண்டாகப் பிளந்தது. சத்தியம் செய்த குருக்கள் ஒருபுறம், மறுத்தவர்கள் மறுபுறம். மறுத்தவர்கள் நாட்டின் பகைவர் எனப்பட்டனர்.

1792 புரட்டாதி மாதத் தொடக்கத்தில் பாரிஸ் நகரச் சிறைகளுக்குள் கும்பல்கள் புகுந்து, அங்கே அடைக்கப்பட்டிருந்தோரை வெட்டிச் சாய்த்தன. மாண்டவர்களுள் இருநூறுக்கு மேற்பட்டோர் குருக்கள். அவ்வேளையில் உயிர்கொடுத்த வேதசாட்சிகளில் 191 பேரைத் திருச்சபை 1926இல் முத்திப்பேறு பெற்றவர்களாக உயர்த்தியது.

லத்ரேயின் ஆசிரியர் ஆயி சுவாமியாரும் சத்தியம் செய்ய மறுத்துச் சிறைப்பட்டிருந்தார். அந்தப் படுகொலைக்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் அவர் விடுதலையானார். அவருக்காக ஓடியாடி மன்றாடி மீட்டவர் அவரிடம் படித்த ஓர் இளைஞர். எத்தியேன் ஜெஃப்ருவா சென்திலேர் என்னும் அவ்விளைஞருக்கு அப்போது வயது இருபது. பிற்காலத்தில் அவர் பெரிய விலங்கியல் அறிஞரானார்.

ஆசிரியருக்கு நேர்ந்தது மாணவருக்கும் நேர்ந்தது. லத்ரேயும் சத்தியம் செய்யவில்லை. 1793 கார்த்திகை மாதத்தில் அவர் கைதுசெய்யப்பட்டார். பின்னர் போர்தோ துறைமுக நகரின் சிறையில் மற்றக் குருக்களோடு அடைக்கப்பட்டார். அக்காலத்தில் இவ்வாறு பிடிபட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அதே மேற்குக் கரையில் ரொஷ்போர் என்னும் துறையில், 1794இல் 829 குருக்களும் துறவிகளும் நாடுகடத்தப்படுவதற்காகப் பழைய அடிமைக் கப்பல்களின் அடித்தளத்தில் அடைக்கப்பட்டனர். அக்கப்பல்கள் கரையை விட்டுப் போகவேயில்லை. நோயாலும் பட்டினியாலும் 547 பேர் அங்கேயே மாண்டார்கள். அவர்களுள் 64 பேருக்குப் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1995இல் முத்திப்பேறு பட்டம் அளித்தார்.

1544இல் விசுவாசத்துக்காக வெட்டுண்டு மடிந்த நமது வேதசாட்சிகளின் மண்ணில் பிறந்த நமக்கு, ஒரு சொல்லைச் சொல்ல மறுப்பதன் விலை என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை.

தரையில் ஊர்ந்தது என்ன?

ஒருநாள் சிறை வைத்தியர் கைதிகளைப் பார்வையிட வந்தார். நோயாளர், முதியோர், செபித்துக்கொண்டிருப்போர் எனப் பலரையும் கண்டவர், ஒருவரைக் கண்டு வியந்து நின்றார். அவர் தரையில் குனிந்து எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒரு வண்டு.

சாவை எதிர்நோக்கியிருக்கும் மனிதன் வண்டைப் பார்ப்பானேன் என்று வைத்தியருக்கு விந்தையாயிருந்தது. விசாரித்தபோது, இது மிகவும் அரிதான வண்டு என்று லத்ரேய் விளக்கினார். வைத்தியர் அதனை வாங்கிச் சென்றார். போர்தோ நகரில் பூச்சி சேகரிக்கும் ஒரு சிறுவன் அவருக்குத் தெரிந்தவன். போறி த சென்வென்சன் என்று பெயர், வயது பதினைந்து. வண்டு அவனிடம் போய்ச் சேர்ந்தது.

அச்சிறுவன் லத்ரேயின் பூச்சி ஆராய்ச்சியைப் பற்றி முன்னரே அறிந்திருந்தான். இந்த வண்டை அனுப்பியவர் யார் என்பது தெரிந்ததும் அவன் சும்மா இருக்கவில்லை. உரியவர்களைப் பிடித்து முயன்று, லத்ரேய்க்கும் அவரோடு அறையிலிருந்த ஒருவருக்கும் விடுதலை வாங்கிக் கொடுத்தான். அந்த அறையில் எஞ்சியிருந்தவர்கள் அனைவரும் ஒரு மாதத்துக்குள் மாண்டுபோனார்கள்.

அந்த வண்டுக்கு விஞ்ஞான உலகில் நெக்ரோபியா ரூஃபிகோலிஸ் என்று பெயர். 1775இல் டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஃபாப்ரிசியசு அதனை முதலில் விவரித்தார். நெக்ரோபியா என்ற இனப்பெயரை 1795இல் ஒலிவியே என்னும் பிரான்சிய அறிஞர் இட்டார். இறந்ததில் வாழ்வது என்பது அக்கிரேக்கச் சொற்களின் கருத்து. காய்ந்த பிணங்கள், எலும்புகள், தோல், உலர்ந்த இறைச்சி ஆகியவற்றில் அது வாழும். அங்கே பெருகும் ஈப்புழுக்களையும் தின்னும். எலிகள் செத்துக் காயும் ஒரு மறியலறையில் அது ஊர்ந்ததில் வியப்பில்லை. கழுத்தும் தோளும் கால்களும் செம்பழுப்பு, மற்றது நீலம். நமது கருவாட்டில் காணும் வண்டு நெக்ரோபியா ரூஃபிபெஸ். அதற்குக் கழுத்தும் நீலம், கால் மட்டுமே சிவப்பு. இரண்டும் ஒரே இனத்தின் இரு வகைகள், அக்காள் தங்கை போன்றவை. தோலும் கருவாடும் கொப்பராவும் கப்பலேறிப் போன வழியெல்லாம் இவையும் போய், இன்று உலகின் பெரும்பகுதியில் பரவியிருக்கின்றன. அன்று லத்ரேய் அரிதென்று எண்ணியது இன்று சாதாரண வண்டு. ஆனால் அவர் அதனை அரிதென்று கண்டு குனிந்தார். அந்தக் குனிதல்தான் அவரைக் காப்பாற்றியது.

குடும்பம் இல்லாதவர் குடும்பம் தேடினார்

விடுதலை பெற்றவர் ஆசிரியத் தொழில் செய்து வயிறு வளர்த்தார். ஃபாப்ரிசியசு முதலிய அறிஞர்களோடு கடிதத் தொடர்பு கொண்டார். ஃபாப்ரிசியசு ஊக்கமளிக்க, 1796இல் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு, பூச்சியினங்களின் இயல்புகளை இயற்கை ஒழுங்கில் வகுத்துக் காட்டும் ஒரு நூலை வெளியிட்டார்.

இயற்கை ஒழுங்கு என்றால் என்ன? பொறுமையோடு கேளுங்கள், வாசகரே. இதுதான் அவருடைய வாழ்நாள் வேலை.

ஒரு மீன்வாடியில் பிடித்த மீனையெல்லாம் குவித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிறத்தைப் பார்த்துப் பிரிக்கலாம். அளவைப் பார்த்துப் பிரிக்கலாம். இரண்டும் வேலைக்கு உதவும், ஆனால் இரண்டும் உறவைக் காட்டா. வெள்ளையாயிருக்கும் இரண்டு மீன்கள் உறவில்லாதவையாக இருக்கலாம். அனுபவமுள்ள மீனவர் ஒரு மீனின் வாய், செவுள், செதில், செட்டை, முள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே இன்ன சாதி என்பார். லத்ரேய் பூச்சிகளுக்குச் செய்தது இதுவே.

அவருக்கு முன், சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயசு 1758இல் பூச்சிகளைப் பெரும்பாலும் சிறகுகளைக் கொண்டு பிரித்தார். அவருடைய மாணவர் ஃபாப்ரிசியசு வாயுறுப்புகளைக் கொண்டு பிரித்தார. இருவரும் பெரியவர்கள். ஆயினும் ஒரே உறுப்பை அளவுகோலாக்கினால், உறவுள்ளவை பிரிந்தும் உறவில்லாதவை சேர்ந்தும் போவதுண்டு. லத்ரேய் சிறகு, வாய், உணர்கொம்பு, பாதக் கணுக்கள், உடலமைப்பு எல்லாவற்றையும் ஒருங்கே நோக்கினார். இவ்வாறு நோக்கி, இனங்களுக்கு மேலாகக் குடும்பம் என்னும் படியைப் பூச்சி உலகில் நிலைநாட்டினார்.

நிலவண்டுகளை எடுத்துக்கொள்வோம். கல்லையோ காய்ந்த சருகையோ புரட்டினால் வேகமாக ஓடும் கருவண்டுகள் இவை. பெரும்பாலானவை இரவில் வேட்டையாடும். இவற்றை இனங்காண்பது எப்படி? ஆறு கால்களின் பாதங்களிலும் ஐந்தைந்து கணுக்கள் இருக்கும். உணர்கொம்பு நூல் போலிருக்கும், பதினொரு கணுக்கள் உடையது. தாடை முன்னே நீண்டு கத்தரி போலிருக்கும். முன்காலின் உட்புறத்தில் உணர்கொம்பைத் துடைப்பதற்கென்றே ஒரு சிறு பள்ளம் உண்டு. வண்டைக் கவிழ்த்துப் பார்த்தால், பின்காலின் அடித்துண்டு வயிற்றின் முதல் வளையத்தை ஊடறுத்துச் செல்வது தெரியும். இவற்றுள் ஒன்றை மட்டும் கண்டு முடிவு கட்டக் கூடாது. எல்லாம் ஒத்து வரும்போதே அது நிலவண்டு.

இன்று கராபிடே என்று வழங்கும் இந்நிலவண்டுக் குடும்பத்தை 1802இல் வகுத்தவர் லத்ரேய். இதுவரை ஏறக்குறைய 40,000 இனங்கள் இக்குடும்பத்தில் அறியப்பட்டுள்ளன. அதே 1802இல் அவர் வகுத்த மற்றொரு குடும்பம் கிளெரிடே. அவரைச் சாவினின்று மீட்ட வண்டு இந்தக் கிளெரிடே குடும்பத்தைச் சேர்ந்தது! குடும்பமற்ற அவரை அந்த வண்டு காப்பாற்றியது. அந்த வண்டுக்கு அவர் ஒரு குடும்பத்தைக் கொடுத்தார்.

நமது நாட்டிலும்

இது எங்கோ பிரான்சில் நடந்த காரியம், மன்னாருக்கு என்ன என்று கேட்கலாம். அக்காலத்திலேயே நமது பகுதிகளின் பூச்சிகளும் செடிகளும் ஐரோப்பா சென்றுகொண்டிருந்தன. பாக்குநீரிணைக்கு வடக்கே, சோழமண்டலக் கரையிலுள்ள தரங்கம்பாடியில் 1768இல் வந்திறங்கிய கேனிக் என்னும் வைத்தியர் லின்னேயசின் மாணவர். அவர் தமிழ் நாட்டிலும் இலங்கையிலும் திரிந்து சேகரித்தவற்றை ஐரோப்பிய அறிஞருக்கு அனுப்பி வந்தார். தென்னிந்திய வறண்ட நிலங்களில் வெண்புள்ளி ஆறு பதித்த பெரிய கருவண்டு ஒன்று உண்டு. விரல் நீளம் இருக்கும், எரிச்சலூட்டும் அமிலத்தைப் பீய்ச்சும். ஃபாப்ரிசியசு அதனையும் 1775ஆம் ஆண்டு நூலிலேயே விவரித்தார். லத்ரேயை மீட்ட வண்டு இடம்பெற்ற அதே நூல்! அந்த ஆறுபுள்ளி வண்டும் இன்று லத்ரேயின் நிலவண்டுக் குடும்பத்திலே வைக்கப்பட்டிருக்கிறது. இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளின் நிலவண்டுகளைப் பற்றி ஆங்கில அறிஞர் அன்றூஸ் 1929இலும் 1935இலும் இரு பெரும் பாகங்களை எழுதினார். அவையும் அந்தக் குடும்பப் பெயரின் கீழேயே எழுந்தன.

இலங்கையில் வாழும் மற்றொரு நிலவண்டைத் தொட்டால், பட்டென்ற ஓசையோடு பின்புறத்திலிருந்து புகை கக்கும். அதன் உடலில் இரண்டு அறைகள் உள்ளன. ஓர் அறையில் சேர்த்து வைத்த இரசாயனங்கள் மற்ற அறையில் கலந்து, ஏறக்குறைய கொதிநீரின் வெப்பத்தோடு வெளியே சீறும். கையில் பட்டால் பழுப்புக் கறை பல நாள் போகாது. இவ்வளவு சிறிய உடலில் இத்தகைய உலையை வைத்தவரின் ஞானத்தை என்னென்பது!

கட்டுக்கரைக்குளத்தின் கீழ் நெல் விதைக்கும் விவசாயிகளுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். ஆசியாவின் நெல்வயல்களில் ஓபியோனியா என்னும் நிலவண்டு உண்டு. மெலிந்த உடல், செந்நிறம், குறுக்கே கருநீலப் பட்டை. பயிரில் ஏறி, இலைச்சுருட்டிப் புழுவையும் தத்திகளையும் தேடித் தின்னும். அது விவசாயியின் நண்பன். பயிரில் ஒரு வண்டைக் கண்டவுடன், அது யாரென்று பாராமல் நஞ்சு தெளித்தால் பகைவனோடு நண்பனும் மடியும். பிறகு பகைவனே முந்திப் பெருகுவான். பெயரறிவது வீண் வேலையன்று. யாரை அழிப்பது, யாரை விட்டுவைப்பது என்பது பெயரறிந்த பின்னரே தெரியும்.

மறைக்கக் கூடாத ஒன்று

லத்ரேயின் இன்னல்கள் சிறையோடு தீரவில்லை. 1797இல் மறுபடியும் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். அவருடைய புத்தகங்கள் பறிக்கப்பட்டன. கூவியே, லசெப்பேது, லமார்க் என்னும் மூன்று விஞ்ஞானிகள் தங்கள் செல்வாக்கைப் பயன்படுத்தி அவரை விடுவித்தார்கள். மறு ஆண்டில் பாரிஸ் இயற்கை வரலாற்றுக் காட்சிசாலையில் பூச்சிகளை ஒழுங்குபடுத்தும் பணி கிடைத்தது.

அதன்பின் நடந்ததையும் சொல்ல வேண்டும். மணத்துறவு வாக்கிலிருந்து தம்மை விடுவிக்குமாறு அவர் விண்ணப்பித்தார். அந்த விண்ணப்பம் இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அவர் திருமணமும் செய்தார். சத்தியம் செய்ய மறுத்துச் சாவையும் ஏற்கத் துணிந்தவர், பின்னாளில் குருத்துவ வாழ்வை விட்டு விலகினார்.

ஒரு கத்தோலிக்கப் பத்திரிகை இதனைச் சொல்லாமல் விட்டால் கதை அழகாயிருக்கும். ஆனால் உண்மையாயிராது. வண்டின் கால் கணுவைக்கூடத் தவறாக எண்ணக் கூடாது என்று வாழ்ந்தவரின் வரலாற்றை, நமக்கு வசதியானபடி வெட்டித் தருவது அவருக்குச் செய்யும் நீதியன்று. அவரைத் தீர்ப்பிடுவது என் வேலையுமன்று, உங்கள் வேலையுமன்று. அக்காலத்தில் திருச்சபை சிதறிக் கிடந்தது. பல குருக்கள் வழி தெரியாது தவித்தார்கள். அவர் விண்ணப்பம் எழுதினார் என்பதே, வாக்கை மறந்து சும்மா போய்விடவில்லை, கேட்டுப் போனார் என்பதைக் காட்டுகிறது. அந்த அளவில் நிற்போம்.

வேறொரு கேள்வி இதனிலும் கடினமானது. கடவுள் ஒரு வண்டை அனுப்பி லத்ரேயைக் காத்தார் என்று சொல்ல நமக்கு ஆசை. அப்படியானால், அதே தரையில் படுத்திருந்த மற்றவர்களைக் கடவுள் மறந்தாரா? அவர்களும் சத்தியம் செய்ய மறுத்தவர்களே. ஒருவேளை அவரிலும் அதிகமாகச் செபித்தவர்கள். அவர்களுக்கு வண்டு வரவில்லை.

கடலில் புயலில் ஒரு வள்ளம் கரை சேர்ந்து, ஒரு வள்ளம் சேராமற் போன ஊர்கள் நம்முடையவை. போரில் ஒரு வீடு தப்பி, அடுத்த வீடு அழிந்த ஊர்களும் நம்முடையவை. தப்பியவன் மற்றவனிலும் நல்லவன் என்று நம்மில் யாரும் சொல்வதில்லை. மரித்தவர்கள் ஆண்டவருடைய கையிலிருந்து விழவில்லை. அவர்கள் வேறொரு வாயிலால் அவரிடம் சேர்ந்தார்கள் என்பதே நமது விசுவாசம். தப்பியவரிடம் கேட்கப்படுவது ஒன்றே. மிஞ்சிய நாட்களை என்ன செய்தாய்?

மிஞ்சிய நாட்கள்

லத்ரேய்க்கு மிஞ்சியவை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள். அவற்றில் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். 1802 முதல் 1805 வரை பூச்சிகளையும் நண்டினங்களையும் பற்றிப் பதினான்கு பாகங்கள் எழுதினார். 1806 முதல் 1809 வரை இன்னும் நான்கு பாகங்கள். 1810ஆம் ஆண்டு நூலில், ஒவ்வோர் இனக்குழுவுக்கும் எடுத்துக்காட்டான ஓர் இனத்தைக் குறித்து வைத்தார். பெயரில் குழப்பம் வந்தால் பின்வருவோர் திரும்பிப் பார்க்க அது அடிப்படைக் கல்லாயிற்று. 1814இல், நெக்ரோபியா எனப் பெயரிட்ட ஒலிவியே இறந்தபோது, விஞ்ஞானக் கழகத்தில் அவருடைய இடம் லத்ரேய்க்குக் கிடைத்தது. 1817இல் கூவியே வெளியிட்ட விலங்குலகம் என்னும் புகழ்பெற்ற நூலில் பூச்சிகளையும் நண்டுகளையும் பற்றிய பாகம் முழுவதும் லத்ரேய் எழுதியது.

தம்மை விடுவிக்க உதவிய லமார்க் முதுமையில் கண்பார்வை இழந்தார். அப்போது அவருடைய கற்பித்தலையும் ஆராய்ச்சியையும் மேலும் மேலும் லத்ரேய் தம் தோளில் ஏற்றார். 1829இல் லமார்க் இறந்தபின் பூச்சியியல் பேராசிரியர் பதவி அவருக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்தேழு. உடல் நலமும் கெட்டிருந்தது. 1830 வைகாசியில் மனைவி இறந்தாள். பிள்ளைகள் இல்லை. தாயும் தந்தையும் கைவிட்ட அவர், ஒரு மருமகளைத் தம் பிள்ளையாக ஏற்று வளர்த்தார்.

1832இல் பிரான்சின் பூச்சியியற் சங்கம் தோன்றியபோது அவரைக் கௌரவத் தலைவராக்கியது. அவ்வாண்டு பாரிஸில் வாந்திபேதி பரவியது. சித்திரையில் பதவியைத் துறந்து நாட்டுப்புறம் சென்ற அவர், கார்த்திகையில் திரும்பினார். 1833 மாசி மாதம் 6ஆம் திகதி இறைவனடி சேர்ந்தார்.

பாரிஸில் பேர் லஷேஸ் என்னும் பெரிய சேமக்காலை இருக்கிறது. அங்கே அவருடைய கல்லறை மேல் சங்கத்தார் பணம் சேர்த்து ஒன்பது அடி உயரக் கற்றூண் ஒன்றை நிறுத்தினார்கள். அதில் பொறித்தவற்றுள் லத்தீன் மொழியில் ஒரு வரி, அவரை மீட்டது யார் என்று சொல்கிறது. அரசர் பெயரோ பிரபு பெயரோ அங்கில்லை. அந்த வண்டின் பெயரே இருக்கிறது.

வாசகரே, ஆதித் தகப்பனிடம் ஆண்டவர் உயிர்களைக் கொண்டுவந்து, அவற்றுக்கு என்ன பெயரிடுவான் என்று பார்த்தார் என ஆதியாகமம் சொல்கிறது. பெயரிடுவதற்கு முதலில் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு முதலில் குனிய வேண்டும். சாவு வாசலில் நிற்கும்போதும் குனிந்து பார்த்த ஒரு மனிதரை, அவர் பார்த்த பழக்கத்தைக் கண்டே ஒரு வைத்தியரும் ஒரு சிறுவனும் அடையாளம் கண்டார்கள். நமது வீட்டில், நமது தெருவில், நாம் இன்னும் குனிந்து பாராத சிறியவர்கள் இருக்கிறார்கள். பெயர் கேட்கப்படாத பிள்ளைகள், குடும்பம் ஏற்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிலிருந்து ஒரு லத்ரேய் வரலாம், வராமலும் இருக்கலாம். எப்படியிருந்தாலும் அவர்களுக்கும் ஒரு பெயர் உண்டு.

அடுத்த முறை கருவாட்டுச் சாக்கை அவிழ்க்கும்போது, அந்த நீல வண்டைத் துரத்துங்கள். துரத்தத்தான் வேண்டும், கருவாடு உங்கள் சீவியம். ஆனால் துரத்துமுன் ஒருகணம் குனிந்து பாருங்கள். பிள்ளையும் பக்கத்தில் நின்றால், அதற்கும் காட்டுங்கள். கால் சிவப்பா, கழுத்துச் சிவப்பா என்று பார்க்கச் சொல்லுங்கள்.